முதலாம் ஓலை

நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. தான் எந்த நாளில் முட்டாளானான் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியும். நான் முட்டாளானது 1995 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு. (கோயில் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடியது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். காலையில் திருநெல்வேலி டவுனில் பஸ் ஏறினால், கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குப் பழைய கோப்புகளின் தூசிக்குள் இறங்கிவிடுவேன். எது கிடைத்தாலும் வாசிப்பேன். வாசிக்கிறதில் பிழை இருந்தால் பென்சிலால் திருத்துவேன். பலசரக்குக் கடையில் இனாமாகக் கொடுக்கும் தினசரிக் காலண்டரைக்கூட விட்டதில்லை. இதை நான் ஒரு நற்குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவில் தலைமை எழுத்தர் செல்லையா அண்ணாச்சி. தட்டச்சர் ஜெபசீலி. இருவரும் பாளையங்கோட்டையின் பழைய மிஷன் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் சைவம், முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாத சைவம். ஜெபசீலி வேலையில் சேர்ந்த தேதி எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றிரண்டு தேதிகளையாவது மனிதன் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

1994 டிசம்பரில் ஒரு நாள், தேநீர் வேளையில், நான் வாசித்த புத்தகங்களைப் பற்றி வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் படிச்சிருக்கேன்னு சொல்லுதீரே, எங்க வேதத்தைப் படிச்சிருக்கீரா வே?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. படிக்கணும். பக்திக்காக இல்ல. இலக்கியமாப் படிக்கணும்."

"இலக்கியமாவா? லேவியராகமத்துல போய் விழுந்தீர்னா இலக்கியமும் தெரியாது, இருக்க இடமும் தெரியாது. பிறந்ததுலேருந்து கோயிலுக்குப் போறவனே அங்கன வந்ததும் படுத்துருவான்."

ஜெபசீலி தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார் முடிச்சிருவாங்க."

இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்காக நான் பைபிளின் அறுபத்தாறு புத்தகங்களையும் வாசித்தேன்.

மறுநாள் தன்னுடைய பைபிளையே கொண்டுவந்து தந்தார். ஞாயிறு பள்ளியில் பரிசாக வாங்கியது. கறுப்பு அட்டை, விளிம்பில் சிவப்பு, முதல் பக்கத்தில் சாய்வில்லாத குழந்தை எழுத்தில் அவர் பெயர். "ஒரு நாளைக்கு மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு. அப்படி வாசிச்சா வருசத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்" என்றார். அன்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். ஜனவரி ஒன்று ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கினால் டிசம்பர் 28, வியாழக்கிழமை முடியும். கடைசி நாளுக்கு இரண்டே அதிகாரம்.

மூன்றாவது அதிகாரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வேறொரு காரியத்தை வைத்துக்கொண்டேன். அன்று ஜெபசீலியிடம் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவது. ஒரு வருஷம் முன்னதாகவே நாள் குறித்தாகிவிட்டது. (காதலைச் சொல்லப் பிற மனிதர்களுக்கு ஒரு சாயங்காலம் போதும். எனக்கு ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரம் தேவைப்பட்டது.)

வீட்டில் புத்தகத்துக்குக் காக்கித்தாள் அட்டை போட்டேன். அம்மா விடவில்லை. "ஏல, என்ன புஸ்தகம் இது, இம்புட்டுப் பெருசா?"

"இலக்கியம்மா."

"இலக்கியத்துக்கு எதுக்குல ஓரத்துல செவப்பு?"

நான் ஆதியாகமத்துக்குள் போய்விட்டேன்.

லேவியராகமத்தில் நான் விழவில்லை. பிப்ரவரி முதல் பாதியில் வந்த எண்ணாகமத்தில் எனக்கு உற்சாகமே தாங்கவில்லை. கோத்திரம் கோத்திரமாகத் தலை எண்ணி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் ஒரு பதிவறை எழுத்தன் இருந்திருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்தது. ராஜாக்களின் சரித்திரம் வந்தபோது ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, வடக்கு ராஜ்யத்தின் வருஷங்களை ஒரு பக்கமும் தெற்கு ராஜ்யத்தின் வருஷங்களை மறுபக்கமும் கூட்டினேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சித்திரை விசு அன்று எல்லோரும் கனி பார்த்தார்கள். நான் அந்தப் பிசகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்ததும் தாளை ஜெபசீலியின் மேசையில் விரித்தேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "எல்லாரும் ஆண்டவரைத் தேடி வாசிப்பாங்க. நீங்க கணக்குல பிசகைத் தேடி வாசிக்கீங்க சார்" என்றார். பிறகு, "ஆனா கோடு ரொம்ப நேரா போட்டிருக்கீங்க" என்றார்.

அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

இலக்கியமாக வாசிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே தவிர, பிப்ரவரிக்குள் நான் வாசித்துக்கொண்டிருந்தது வேறு. அந்தப் பிரதியின் ஓரங்களில் ஜெபசீலி பென்சிலால் கோடு போட்டிருந்தார். சில இடங்களில் தேதியும் ஒரு சொல்லும். ஓரிடத்தில் "ரிசல்ட்". ஓரிடத்தில் "அப்பாவுக்கு ஆபரேஷன்". ஓரிடத்தில் தேதி மட்டும். கீழே சொல் எதுவும் இல்லை, அழித்த தடம். பிறர் புத்தகத்தில் தேதியைக் கண்டால் நான் என்ன ஆவேன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தீர்க்கதரிசிகளும் ராஜாக்களும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, நான் அந்தப் பென்சில் கோடுகளின் வழியாக, பாவாடை தாவணியில் தேர்வு முடிவுக்குப் பயந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் சரித்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அழித்த தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. இன்றுவரை.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, ஆழ்வார்திருநகரியில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். பிசான நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயல்களில் பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் ரூத்தின் கதை. அந்நிய தேசத்திலிருந்து வந்த விதவை, கதிர் பொறுக்கப் போன வயலில் ஒருவன் கண்ணில் படுகிறாள். ஜன்னலுக்கு வெளியேயும் மடியிலும் ஒரே காட்சி. திங்கட்கிழமை காலை இதை அவரிடம் சொன்னேன்.

"கடைசி அதிகாரம் எப்படி இருந்துச்சு சார்?"

"அதை இன்னும் வாசிக்கல. நேத்து அஞ்சு அதிகாரம் ஆயிட்டு. அது இன்னைக்குள்ளது."

ஜெபசீலி என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "ஒரு அதிகாரம்தானே? அவளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு பாக்கத் தோணலையா?"

"திட்டத்துல இல்லையே."

"நீங்க ஒரு நாள்கூட முந்த மாட்டீங்களா சார்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை ஒரு பாராட்டு என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மே கடைசியில் சங்கீதங்கள் வந்தன. நடுநடுவே "சேலா" என்று ஒரு சொல். அர்த்தம் என்ன என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது சார். பாட்டுல கொஞ்சம் நிறுத்துன்னு அர்த்தமா இருக்கும்னு அப்பா சொல்லுவாங்க" என்றார். ஜூலை 23 முதல் உன்னதப்பாட்டு. (அந்த வாரம் முழுவதும் நான் அவர் மேசைப் பக்கமே போகவில்லை. "என்ன சார், இந்த வாரம் ஒண்ணும் சந்தேகம் இல்லையா?" என்று கேட்டபோது, "இல்ல, எல்லாம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.)

ஆகஸ்ட் 16, 17 இரண்டு நாளும் ஜெபசீலி விடுப்பு. காய்ச்சலாக இருக்கும் என்று நானே முடிவு செய்து அப்படியே பதிந்தேன். வெள்ளிக்கிழமை வந்தார். அன்றைய குறிப்பு இது: "ஜெ. நலம். விரலில் புது மோதிரம்." அவ்வளவுதான். யூதாவின் ராஜாக்கள் யார் எத்தனை வருஷம் ஆண்டார்கள் என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், அடுத்த மேசையில் ஒரு மோதிரத்தைக் கண்டு, அதைப் பதிவு செய்துவிட்டு, தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

மதியம் அவரே என்னிடம் வந்தார். "சார், வார ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல ஓலை வாசிக்காங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

ஓலை! நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட மிஷன் கோயில். அங்கே ஓலைச்சுவடி இருக்கிறது, அதைச் சபைக்கு முன்னால் வாசிக்கிறார்கள், இத்தனை நாள் இது எனக்குத் தெரியவில்லை! உடனே குறிப்பேட்டை எடுத்தேன்.

"எத்தனை ஓலை?"

"மூணு சார். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு."

"மூணுதான் மிச்சமா?"

"எல்லாருக்கும் மூணுதான்" என்றார், சற்றுக் குழம்பி.

"யார் வாசிப்பாங்க?"

"ஐயர்தான்." (பாளையங்கோட்டையில் சபைகுருவை ஐயர் என்பார்கள். அந்த அளவு எனக்கும் தெரியும்.)

"நான் கையில வாங்கிப் பாக்கலாமா?"

"எதை?"

"ஓலையை."

ஜெபசீலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க வேற சார்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செல்லையா அண்ணாச்சி மட்டும் என் தோளில் கை வைத்தார். "போயிட்டு வாரும் வே. நானும் வாரேன். மனசை மட்டும் தேத்திக்கிடும்."

ஓலை செல்லரித்துப் போயிருக்கும் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பையில் குறிப்பேடு, அளவுகோல், பூதக்கண்ணாடி. சட்டைப்பையில் சின்னக் குப்பி நிறைய எலுமிச்சம்புல் எண்ணெய். ஓலைச்சுவடியில் பூச்சி அரிக்காமல் தடவுவது. சபைக்கு என் அன்பளிப்பு. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் குப்பியின் மூடி கசியத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"என்ன வே இது, கொசுவுக்கு மருந்து பூசிட்டு வந்திருக்கீரா?" என்று அண்ணாச்சி காதில் கேட்டார்.

"ஓலைக்கு அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐயர் ஒரு தாளைக் கையில் எடுத்துவிட்டார். பனையோலை இல்லை, சாதாரணக் கோடு போட்ட தாள்.

இன்னாருடைய குமாரத்தி ஜெபசீலி என்று தொடங்கினார். பம்பாயில் வேலை பார்க்கும் இன்னாருடைய குமாரன் என்று ஒரு பெயர் சொன்னார். இந்த இருவருக்கும் செப்டம்பர் மாதம் பதினான்காம் தேதி புதன்கிழமை இந்த ஆலயத்தில் விவாகம் நடக்க இருக்கிறது என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் தெரிவிக்கலாம் என்றார். இது முதலாம் ஓலை என்றார்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சபையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஜெபசீலியின் முக்காடு தெரிந்தது. டிசம்பர் 28 என்ற தேதி என் கண்முன்னால் காலண்டர் தாள் மாதிரிக் கிழிந்து விழுந்தது. உள்ளே எல்லாம் இப்படி இடிந்துகொண்டிருந்தபோது, எந்த இடிபாட்டிலும் சாகாத ஒரு பாகம் எனக்குள் விழித்துக்கொண்டது. பதினான்கு, புதன். பதினான்கு, புதன். இன்று ஞாயிறு, இருபது. அப்படியானால்…

நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு ஆட்சேபணை."

எங்கள் அலுவலகத்தில் கோப்பில் பிழை கண்டால் சொல்கிற சொல் அதுதான். வேறு சொல் எனக்கு அந்த நொடியில் கிடைக்கவில்லை. முந்நூறு தலைகள் திரும்பின. பெண்கள் பக்கத்தில் யாரோ "ஏசுவே!" என்றார்கள். செல்லையா அண்ணாச்சி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்; வேட்டி வருகிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டார்.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி யாரு?"

"பதிவறை எழுத்தர்."

"பொண்ணைத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன ஆட்சேபணை?"

இருந்த ஆட்சேபணை ஒன்று. சொல்ல முடிந்த ஆட்சேபணை வேறொன்று.

"செப்டம்பர் பதினாலு புதன்கிழமை இல்ல ஐயா. வியாழக்கிழமை."

பிறகு ஐயர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் உள்ளே போய்ச் சுவர்க் காலண்டரையே ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். தாளைப் புரட்டினார்கள். முன்வரிசையில் ஜெபசீலியின் அப்பா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் புதன் என்று மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். இவர் பதினான்கு என்று வைத்துப் பேசியிருக்கிறார். பத்திரிகை அச்சகத்தில் இருக்கிறது.

"தம்பி சொல்றது சரி" என்றார் ஐயர். "வியாழக்கிழமை. சபையார் திருத்திக்கொள்ளவும்."

அப்போதுதான் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து தொடங்கி, பீடம் வரைக்கும் போனது. நான் உட்கார்ந்தேன். எலுமிச்சம்புல் வாசனை என்னை விட்டுப் போகவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் வளாகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாட்டா மாப்பிள்ளை ஒரு நாளு, பொண்ணு ஒரு நாளுன்னு நின்னிருப்போம் தம்பி. ஆண்டவர்தான் உங்களை அனுப்பியிருக்காரு." சொல்லிவிட்டு அச்சகக்காரர் வீட்டைத் தேடி சைக்கிளில் பறந்தார். நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் என்று அப்போதே தோன்றியது. இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு நாள் முன்னால் வந்தவர்கள் ஒரு நாள் காத்திருந்திருப்பார்கள். காத்திருப்பதால் யாரும் எதையும் இழப்பதில்லை என்று நம்பியவன் நான்.

ஜெபசீலி வேப்பமரத்தடிக்கு வந்தார். "ஓலைன்னா என்னன்னு நெனச்சு வந்தீங்க சார்?"

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். அளவுகோலையும் காட்டினேன். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மெல்லச் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தேதிக்காகத்தான் எந்திரிச்சீங்க?"

"ஆமா."

"தேதிக்காக மட்டும்தானே?"

"ஆமா" என்றேன்.

என் வாழ்நாளில் நான் தெரிந்தே செய்த ஒரே பொய்ப்பதிவு அது. புத்தகத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "முடிச்சிட்டீங்களா?" என்றார். இன்னும் நாலு மாசம் இருக்கிறது என்றேன். "அப்பம் வச்சுக்கிடுங்க. பைய முடிங்க" என்றார்.

அன்றைய நாட்குறிப்பில், கடிகாரக் குறிப்புக்குக் கீழே, ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: சேலா.

திட்டம் நிற்கவில்லை. மூன்றாம் ஓலை செப்டம்பர் மூன்றாம் தேதி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அட்டவணைப்படி, எனக்குப் புலம்பல் முடிந்தது. (நானாக அப்படி அமைக்கவில்லை. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.) செப்டம்பர் 14, வியாழக்கிழமை, கல்யாணத்துக்கு அலுவலகமே போனது. தடை ஏதும் உண்டா என்று ஐயர் மறுபடி கேட்டபோது, சபை முழுக்க ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தது. செல்லையா அண்ணாச்சி என் தொடையில் முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். "அசையாதேயும் வே. கிழமை சரியாத்தான் இருக்கு."

டிசம்பர் 28 அன்று கடைசி இரண்டு அதிகாரத்தையும் வாசித்தேன். வாசித்து முடித்து, மூன்றாவது காரியத்துக்கு ஒதுக்கிய நேரத்தில், பம்பாய்க்கு ஒரு அஞ்சலட்டை எழுதினேன்: "முடித்துவிட்டேன்." ஜனவரியில் பதில் வந்தது: "எனக்குத் தெரியும் சார். எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?" எண்ணாகமம் என்று எழுதிப் போட்டேன். அந்த அழித்த தடத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

1998இல் எனக்குக் கல்யாணம். பந்தியில் வைத்தே செல்லையா அண்ணாச்சி என் மனைவி செண்பகத்திடம் கதையைச் சொல்லிவிட்டார்: ஓலைச்சுவடி, எண்ணெய்க் குப்பி, கிழமை. அதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை, பெரிய மனிதர். அன்றிலிருந்து நான் எங்கே திடீரென்று எழுந்தாலும் வீட்டில் ஒரே பாட்டுதான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்தால், "அப்பா, உக்காருங்க, ஓலை இல்ல" என்பாள் மகள். ஏரலிலிருந்து பாளையங்கோட்டை வரை, சொந்தக்காரர், தெரிந்தவர், இந்து, கிறிஸ்தவர், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் என் பார்வைக்கு வராமல் அச்சுக்குப் போவதில்லை. "அண்ணாச்சிகிட்ட ஒரு தடவை காட்டிருங்க, இல்லாட்டி மண்டபத்துல எந்திரிச்சிருவாக" என்று ஊரில் ஒரு வழக்கமே ஆகிவிட்டது. (இப்போது ஊருக்கு நானும் ஓர் அண்ணாச்சி.)

போன மாதம் ஒரு காலையில் என் கைபேசிக்கு ஒரு பத்திரிகை வந்தது. மணமகளின் பெயர் எனக்குத் தெரியாது. தாயின் பெயர் தெரியும். கீழே ஒரு வரி: "சார், மகளுக்குக் கல்யாணம். நம்ம கோயில்லதான். தேதியும் கிழமையும் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. சரியாக இருக்கிறது, ஆட்சேபணை இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அடுப்படியிலிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு எந்திரிச்சு நிக்கீங்க? கிழமை தப்பா இருக்கா?"

அப்போதுதான் கவனித்தேன், நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

"அப்பம் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.